ஏழு அடிக் கப்பலில் 240 வீடுகள்

ஏழு அடி நீளத்தில் ஒரு விண்கப்பல் மாடல் செய்ய எனக்கு 6,480 ரூபா முடிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் யூடியூபில் இந்த மாதிரி மாடல் செய்கிறவர்கள் 'குறைந்த செலவில்' என்று தொடங்கி, இரண்டாவது நிமிஷத்திலேயே த்ரீ-டி பிரிண்டரை மேசையில் தூக்கி வைப்பார்கள். குறைந்த செலவு என்றால் யாருக்குக் குறைவு என்பதை யாரும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் கணக்கு வேறு மாதிரி. தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் என் கப்பல், அம்மா கொழுந்து எடுக்கும் ஐந்து பேருக்குக் கொஞ்சம் குறைவு. காசு என்னுடையதுதான். ஹட்டன் டவுனில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் அது எத்தனை பேர் என்று மனசு தன்பாட்டில் கணக்குப் போட்டுவிடும். பிரஷர் குக்கர் எத்தனை பேர், தங்கச்சியின் சப்பாத்து எத்தனை பேர். ஐந்து பேரைக் கடதாசிக்கும் பெயின்டுக்கும் கொடுப்பது சரிதானா என்ற கேள்வியோடுதான் இந்த வேலை தொடங்கியது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி மாடல் செய்வது ஒரு வகை. அப்படி எதையும் வாங்காமல், கையில் கிடைப்பதை வெட்டி, ஒட்டி, முழுவதையும் நாமே உருவாக்குவது இன்னொரு வகை. இரண்டாவதற்கு 'ஸ்க்ரட்ச் பில்ட்' என்று பெயர். எனக்கு முதலாவதைச் செய்து பார்க்கும் வசதி இருந்ததில்லை. அதனால் இரண்டாவதுதான் விதி.

இந்தக் கலையின் பெரிய உதாரணங்கள் சினிமாவில்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் படம் வரைய முடியாத காலத்தில் எல்லாக் கப்பலையும் கையால்தான் செய்தார்கள். 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் டிஸ்கவரி என்ற கப்பல் வரும். அதற்காகச் செய்த பெரிய மாடலின் நீளம் 54 அடி. எங்கள் லயத்தில் ஒரு காம்பராவின் அகலம் 10 அடி. அந்த மாடலை இங்கே கொண்டுவந்து படுக்க வைத்தால் ஐந்து வீட்டைக் கடந்து ஆறாவது வீட்டு இஸ்தோப்பில் மூக்கை நீட்டும்.

ஆனால் 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். நம் தலைக்கு மேலே ஒரு கப்பல் வந்துகொண்டே இருக்கும், முடியவே முடியாது. கிலோமீற்றர் கணக்கில் நீளம் என்று கண் நம்பிவிடும். அந்த மாடலின் நீளம் வெறும் 3 அடி. அப்படியென்றால் பெரிதாகத் தெரிவதற்கும் பெரிதாக இருப்பதற்கும் சம்பந்தம் குறைவு. ரகசியம் மேற்பரப்பில் இருக்கிறது. அந்தக் கலைஞர்கள் யுத்த டாங்கி, போர்க்கப்பல் மாடல் பெட்டிகளை வாங்கி, அவற்றின் குட்டித் துண்டுகளை எடுத்துக் கப்பலின் உடம்பெல்லாம் ஒட்டினார்கள். இந்தக் குட்டி விபரங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிரீபிள்'. கண்ணுக்குப் பிடிபடாத அளவுக்குச் சின்ன விஷயங்கள் நிறைய இருந்தால், 'இது பெரிய சாமான்தான்' என்று மூளை முடிவெடுத்துவிடுகிறது.

இந்தச் சமாச்சாரத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒரு சொந்தமும் இருக்கிறது. '2001' படத்தின் கதையை ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இலேயே இலங்கைக்கு வந்து குடியேறியவர். 2008இல் கொழும்பில் காலமானார். 1979இல் அவர் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டுகிறார்கள். கட்டுமிடம் ஒரு புனித மலை. சிவனொளிபாத மலையை மனதில் வைத்து அவர் உருவாக்கிய மலை அது. இப்படியொரு லிஃப்டின் கேபிள் பூமத்தியரேகைக்கு மேலே, கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் இடம்வரை போகவேண்டும். அதற்காகக் கதையில் தீவையே தெற்கே தள்ளிப் பூமத்தியரேகையில் வைத்துவிட்டார். மலையின் உயரத்தையும் கூட்டினார்.

மஸ்கெலியா பக்கம் இருப்பவர்களுக்கு இது விளங்குவது லேசு. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சீசன் காலம். இரவில் மலைப்படி முழுக்க லைட் எரியும். மலை இருட்டில் மறைந்துவிடும். லைட் மட்டும் ஒரு கோடாக வானத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு விண்வெளி லிஃப்டை ஒருவர் வந்து விளக்கத் தேவையில்லை.

இனி வேலைக்கு வருவோம். அளவுகோலை 1க்கு 200 என்று வைத்தேன். அதாவது மாடலில் ஒரு சென்டிமீற்றர், நிஜத்தில் இரண்டு மீற்றர். ஏழு அடி என்பது 213 சென்டிமீற்றர். நிஜத்தில் 426 மீற்றர் கப்பல். இந்தக் கணக்கை முதலில் போடவேண்டும். அளவுகோல் இல்லாமல் தொடங்கினால் கதவு ஒரு அளவிலும் ஜன்னல் ஒரு அளவிலும் வந்து, கடைசியில் கப்பல் பொம்மையாகத்தான் தெரியும்.

முதுகெலும்பு ஒன்றரை அங்குல பிவிசி குழாய். தண்ணீர் லைன் போட்டு மிஞ்சிய துண்டுகள், சும்மா கிடைத்தன. டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வரும் ரெஜிபோமை டவுன் கடைகளில் கேட்டால் 'கொண்டுபோ, இடம் மிச்சம்' என்பார்கள். அதை வெட்டி உடம்பு. அதன் மேல் பிரிஸ்டல் போர்ட் தோல். எஞ்சின் வாய்களுக்கு யோகட் கப், பெரியதற்கு ஐஸ்கிரீம் டப்பா மூடி. மாத்திரை அட்டையின் குமிழ்கள், பேனா ரீபில், போத்தல் மூடி, கெட்டுப்போன சார்ஜர்களின் உள்ளுறுப்பு, போன் போர்டுகள் எல்லாம் கிரீபிள். போன் கடையில் வேலை செய்வதில் இருக்கும் ஒரே பணக்காரத்தனம் இதுதான். மற்றவர்கள் டாங்கிப் பெட்டி வாங்கி எடுக்கும் துண்டுகள் எங்கள் கடைக் குப்பைக்கூடையில் கிடக்கும்.

காசு போனது இவற்றுக்கு: ஸ்ப்ரே பெயின்ட் நாலு டின் 3,000. பிரிஸ்டல் போர்ட் 12 தாள் 720. பைண்டர் கம் 850. கத்தி பிளேட் 300. எல்ஈடி பட்டி 900. இமல்ஷன் பெயின்ட் சின்ன டின் 710. கூட்டிப் பாருங்கள், 6,480.

இமல்ஷன் எதற்கு என்றால், ஸ்ப்ரே பெயின்டில் இருக்கும் கரைப்பான் ரெஜிபோமைத் தின்றுவிடும். நேரே அடித்தால் பனியில் வெந்நீர் ஊற்றிய மாதிரிக் குழி விழும். முதலில் கம்மில் தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு, அதற்கு மேலே இமல்ஷன் ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஸ்ப்ரே. இன்னொன்று நம் ஊருக்கே உரியது. இங்கே மிஸ்ட் இறங்கினால் சுவரே வேர்க்கும். கடதாசி ஈரத்தைக் குடித்து வளையும். பிரிஸ்டல் போர்ட்டின் ஒரு பக்கம் மட்டும் கம் பூசினால் அந்தப் பக்கம் இழுத்து வளைந்துவிடும். இரண்டு பக்கமும் பூசி, பாரம் வைத்துக் காயவிட வேண்டும். கலிபோர்னியாவில் இருந்து வீடியோ போடுகிறவருக்கு இந்தப் பிரச்சினை தெரியாது.

கப்பலுக்கு எந்தப் படத்தையும் பார்த்து உருவம் எடுக்கவில்லை. எங்கள் ஸ்டோரைப் பார்த்துத்தான் எடுத்தேன். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். இரவில் அதை எதிர்மலையிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? நாலு மாடி நீளக் கட்டடம், வரிசை வரிசையாக ஜன்னல், உள்ளே மஞ்சள் வெளிச்சம், கீழே மிஸ்ட். தரை தெரியாது. கட்டடம் அப்படியே மிதக்கும். உள்ளே கொழுந்து வாட்டும் ஃபேன் இரவெல்லாம் உறுமும். எனக்குத் தெரிந்த முதல் விண்கப்பல் அதுதான்.

அப்பா அந்த ஸ்டோரில் ட்ரையர் பக்கம் வேலை செய்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் அழகாக ஒட்டியிருந்த ரீபில் குழாய் ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்கருந்து எங்க போகுது?"

"சும்மா டிசைன்தான் அப்பா."

"குழாய்னா சும்மா போகாது தம்பி. அடுப்புலருந்து காத்து வரணும், ஃபேனு இழுக்கணும், ட்ரையருக்குள்ள போகணும், ஈரத்த வெளிய தள்ளணும். உள்ள போக வழி இருந்தா வெளிய வரவும் வழி இருக்கணும். இந்தக் கப்பல்ல சூடு எங்குட்டு போகுது?"

இது விண்வெளிப் பொறியியலில் உண்மையான கேள்வி. பூமியில் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். விண்வெளியில் காற்று இல்லை. சூடு கதிர்வீச்சாக மட்டும்தான் வெளியேற முடியும். அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சோலார் தகடுகளோடு, சூட்டை வெளியேற்றவென்றே பெரிய வெள்ளைத் தகடுகளும் இருக்கின்றன. டிஸ்கவரியின் ஆரம்ப வரைபடங்களிலும் அப்படியான தகடுகள் இருந்தன. பார்க்கிறவர்கள் அவற்றை இறக்கை என்று நினைத்துவிடுவார்கள் என்று படத்தில் எடுத்துவிட்டார்கள். ட்ரையர் வேலைக்காரர் ஒருவர் அந்தக் கப்பலைப் பார்த்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்.

பழைய போன்களின் பின்மூடி 24 எடுத்தேன். பக்கத்துக்கு 12. இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரித்தேன். எஞ்சினிலிருந்து தகட்டுக்கு ஒரு குழாய், தகட்டிலிருந்து எஞ்சினுக்கு இன்னொரு குழாய். அதற்குப் பிறகு நான் ஒட்டிய எந்தத் துண்டுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். இது பம்ப், இது வால்வ், இது தண்ணீர்த் தாங்கி. பார்க்கிறவருக்கு எது என்னவென்று தெரியப்போவதில்லை. ஆனால் வேலை உள்ள குழாய்க்கும் சும்மா ஒட்டிய குழாய்க்கும் வித்தியாசம் எப்படியோ கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்பா அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்து நின்று பார்ப்பார். பேச்சு அதிகம் இல்லை. ஒரு நாள் ஒரு பழைய பித்தளை வலைத் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கப்பலை முழுசாக மாற்றியது தங்கச்சி. அவளுக்குப் பத்து வயது. முன்பக்கத்தில் கப்டன் அறை, நடுவில் 90 சென்டிமீற்றர் நீளத்துக்குச் சரக்கு அறை, பின்னால் எஞ்சின் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"இதுல ஆளுங்க எங்க இருக்காங்க?"

"முன்னால. கப்டன், ஒபிசர்மாரு."

"அது தொர பங்களா. வேல செய்றவங்க எங்க இருக்காங்க? லயம் எங்க?"

நான் பார்த்த படங்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். கண்ணாடி போட்ட கட்டுப்பாட்டறை நினைவுக்கு வந்தது. கப்டனின் நாற்காலி வந்தது. எஞ்சினில் எண்ணெய் போடுகிறவர் எங்கே படுக்கிறார், அவருடைய பிள்ளை எங்கே படிக்கிறது என்று ஒரு காட்சியும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அறிவியல் புனைகதைகளில் தலைமுறைக் கப்பல் என்று ஒன்று உண்டு. போகிற இடம் அவ்வளவு தூரம். ஏறுகிறவர்கள் போய்ச் சேரமாட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சேருவார்கள். ஏறியவருக்கு அந்த இடம் எப்படியிருக்கும் என்று தெரியாது, பிறக்கிறவருக்குப் புறப்பட்ட ஊர் தெரியாது. இதை மலையகத்துக்காரருக்கு யாராவது விளக்க வேண்டுமா? 2023இல் 200 வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்தப் பாதையே ஒரு தலைமுறைக் கப்பலின் பாதைதானே.

சரக்கு அறையைக் கழற்றினேன். அந்த 90 சென்டிமீற்றரில் வீடு கட்டலாம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் காம்பரா 10 அடிக்கு 12 அடி. 1க்கு 200இல் அதன் முகப்பு ஒன்றரை சென்டிமீற்றர். அதே அளவில் அடுக்கினால் ஒரு மாடியில் ஒரு பக்கம் 60 காம்பரா. பேப்பரில் கோடு போட்டும் பார்த்தேன். பார்க்க வெட்கமாக இருந்தது. விண்வெளிக்குப் போயும் 10 அடியா? ஒரு வீட்டுக்கு முகப்பு மூன்று சென்டிமீற்றர் என்று வைத்தேன். நிஜத்தில் 6 மீற்றர், கிட்டத்தட்ட 20 அடி. ஒரு மாடியில் பக்கத்துக்கு 30 வீடு. நாலு மாடி, இரண்டு பக்கம், மொத்தம் 240 வீடு. வீட்டுக்கு இரண்டு ஜன்னல். கப்டனுக்கும் அதே மூன்று சென்டிமீற்றர்தான்.

480 ஜன்னல். ஒவ்வொன்றும் 6 மில்லிமீற்றர் உயரம், 4 மில்லிமீற்றர் அகலம். ஒரு ஜன்னலுக்கு நாலு வெட்டு. கடை மூடி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, இரவுக்கு 20 ஜன்னல் என்று வெட்டினேன். 24 இரவு. ஜன்னலுக்குப் பின்னால் ஒயில் பேப்பர், வெளிச்சம் பரவலாக வரும். உட்பக்கம் முழுக்கப் பால்மா பெக்கட்டின் வெள்ளிப் பக்கம், ஒட்டின இடங்களால் வெளிச்சம் கசியாது. 12 வோல்ட் எல்ஈடி பட்டியை மூன்று மூன்று பல்பாக வெட்டலாம், கோடு போட்டே வரும். பழைய ரவுட்டரின் அடெப்டர் ஒன்று போதும், அதை எரிக்க.

லைட் போட்ட இரவு எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அதுவரை என் கப்பல் ஏழு அடிச் சாமான். ஜன்னல்கள் எரிந்ததும் 426 மீற்றர் ஆகிவிட்டது. கிரீபிளால் வராத பெரிசு அந்த ஜன்னல்களால் வந்தது. ஏனென்றால் குழாயின் நிஜ அளவு யாருக்கும் தெரியாது, ஜன்னலின் அளவு எல்லாருக்கும் தெரியும். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஆளை வைத்துத்தான் நம் கண் அளக்கிறது. ஆள் இல்லாத கப்பல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சின்னதுதான்.

அம்மா கதவடியில் நின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. எங்க வைக்கப் போற?"

இதற்கு மட்டும் என்னிடம் அளவுகோல் இல்லை. காசைச் சமாளிக்கலாம், ரெஜிபோமைச் சமாளிக்கலாம். 10க்கு 12இல் நாலு பேர் படுக்க வேண்டும், ஏழு அடியை எங்கே வைப்பது? கூரைத் தகரத்தின் கீழே கட்டினால் விடியற்காலையில் தகரம் வேர்த்துச் சொட்டும். மூன்று துண்டாகக் கழற்றும்படிதான் செய்திருந்தேன், ஆனாலும் கழற்றிச் சாக்கில் போட்டு வைப்பதற்காகவா 24 இரவு? பொழுதுபோக்கு என்று மற்றவர்கள் லேசாகச் சொல்கிறார்கள். பொழுது எங்களிடமும் இருக்கிறது. போக்குவதற்கு ஒரு மேசையும், செய்ததை வைக்க ஒரு மூலையும் வேண்டும். பட்ஜெட் என்ற சொல்லுக்குள் இது யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

கடைசியில் பிள்ளைக் காம்பராவில் இடம் கிடைத்தது. பார்த்துக்கொள்ளும் அக்காவே கேட்டார், "இங்க சீலிங் அடிச்சிருக்கே, கட்டுவமா?" என்று. நாலு கொக்கி, நைலோன் கயிறு. கப்பலின் பாரம் நாலு கிலோவுக்கும் குறைவு.

பெரியவர்கள் வந்தால் கேட்பது ஒரே கேள்விதான். "இது பறக்குமா?" பறக்காது. நம் நாட்டிலிருந்து முதலில் விண்வெளிக்குப் போய்ச் சுற்றிய ராவணா-1 செயற்கைக்கோள் ஒரு கிலோ சொச்சம்தான், கைக்குள் அடங்கும் பெட்டி. 2019இல் போனது. பறப்பதற்குச் சின்னதாக இருந்தாலும் போதும். இது பார்ப்பதற்கு. ஐந்து பேர் செலவழித்தது சரிதானா என்ற கேள்விக்கு அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் மலைக்குப் போகும்போது கூட வருகிறவர்களிடம் 'அதுல 240 வீடு' என்று சொல்கிறாராம்.

சின்னப்பிள்ளைகளின் கேள்விதான் பொறியியல் கேள்வி. கீழே படுத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு ஜன்னலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மேல் மாடிக்குச் சண்டை. போன கிழமை ஒரு வாண்டு, நாலு வயது இருக்கும், வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டது:

"மாமா, கக்கூசு எங்க?"

"ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் ஒண்ணு இருக்கு."

"வீட்டுக்குள்ளயேவா?" என்று திருப்பிக் கேட்டது. பிறகு பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையை எழுப்பி அதைச் சொன்னது.